உட்காராத வகுப்பு

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் குப்பை டீச்சர் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. துணி வெட்டும் பிரிவில் யாரோதான் ஆரம்பித்திருக்க வேண்டும். தினமும் காலையில் ஒரு பெரிய சாக்குப் பையோடு அங்கே போய் நிற்பாள். தீர்ந்துபோன நூல் கோன், ஓரம் நசுங்கிய அட்டைப் பெட்டி, உடைந்த ஹாங்கர், வெட்டி மிஞ்சிய துணித் துண்டு, எது கிடைத்தாலும் பைக்குள் போய்விடும். கழிவு எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருமுறை, இதெல்லாம் எடைக்குப் போகிற சரக்கு என்று சொல்லிப் பார்த்தார். என் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டு அப்புறம் எடைக்குப் போகட்டும் என்று அவள் சொன்ன தோரணையில், அந்த மனிதர் மறுநாளிலிருந்து நசுங்காத கோன்களாகப் பார்த்து அவரே ஒதுக்கி வைக்க ஆரம்பித்துவிட்டார். பட்டப்பெயர் காதுக்கு வந்தால் ஆடித் தீர்த்துவிடுவாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவளுக்கோ பரம திருப்தி. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு திரிகிறவள்தான். ஆனால் கோபப்படத் தகுந்த விஷயங்கள் வேறு நிறைய இருந்தன.

அவள் இந்த வேலைக்கென்றே படித்தவள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தனியாக ஒரு பயிற்சி இருக்கிறதே, அதை முடித்துவிட்டு நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தவள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தும் அவளுடைய அக்காவுக்கு மட்டும் அது படிப்பாகவே தெரியவில்லை. பிள்ளைகளோடு தரையில் உருளுவதற்கு ஒரு சான்றிதழா என்று வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பாள். உன் பிள்ளைகள் கணக்கில் தடுமாறுவது அவர்கள் தரையில் உருளாததால்தான் என்று தங்கை பதில் சொல்வாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காப்பி குடிப்பார்கள்.

முதல் வேலை ஒரு பெரிய தனியார் பள்ளியில். சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்திருக்கும் மூன்று மாடிக் கட்டடம். வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி ஒன்று, அதற்குள் மரக்கட்டைகள், ரயில் வண்டி, பொம்மை அடுப்பு, பொம்மைப் பாத்திரம் என்று பார்க்கவே ஆசையாக அடுக்கியிருப்பார்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அதைப் பார்த்து மயங்கி மேலே ஏறுவார்கள். மேலே வகுப்பில் மூன்று வயதுக் குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு எழுத்து எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதுவது என்றால் டீச்சர் பின்னால் நின்று பிஞ்சுக் கையைப் பிடித்து எழுத வைப்பது. அதனால் எல்லாக் குழந்தைகளின் கையெழுத்தும் டீச்சர் கையெழுத்து மாதிரியே இருக்கும். அலமாரிச் சாவி முதல்வரின் மேசை இழுப்பறையில் இருந்தது.

ஒரு சேர்க்கை நாளில், பெற்றோர் கூட்டம் நிற்கும்போதே இவள் அந்தச் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, பிள்ளைகளைக் கீழே அழைத்து வந்து ரயிலைத் தரையில் விட்டுவிட்டாள். குழந்தைகள் போட்ட கும்மாளத்தில் பெற்றோர் சிரித்தார்கள், முதல்வரும் அவர்களுக்காகச் சிரித்தார். அன்று சாயங்காலமே வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது, சின்ன லாரி ஓட்டும் அவள் கணவன், "ரயில் ஓடுச்சா?" என்று மட்டும் கேட்டான். ஓடியது என்றாள். அந்தக் கேள்விக்காகவே அவனோடு இன்னொரு ஜன்மம் குடும்பம் நடத்தலாம் என்று அவள் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

சட்டைக் கம்பெனிக்கு அவள் வந்தது அதற்கப்புறம். இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளுக்கு ஓர் அறை இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதால், கம்பெனி ஓர் அறையை ஒதுக்கியிருந்தது. நூல் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த பழைய கிடங்கு. ஒரு பக்கம் ஜெனரேட்டர் கொட்டகை, இன்னொரு பக்கம் தையல் கூடம். கூடத்தைப் பார்த்த சுவரில் நீளமாக ஒரு ஜன்னல். கம்பி வழியாகப் பார்த்தால் வரிசையாக மிஷின்கள், குனிந்த தலைகள், காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசி எல்லாம் தெரியும். மேனேஜர் நேர்முகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். அழுகைச் சத்தம் தையல் மிஷின் லைனுக்குக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் வேலை. கெட்ட மனிதர் இல்லை. சத்தம் என்றால் அவருக்கு ஆகாது, அழுக்கு என்றால் அதைவிட ஆகாது. இந்த இரண்டையும் மொத்தமாக விற்கிற ஒருத்தியை வேலைக்கு எடுத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அறை கொஞ்ச நாளில் அடையாளம் தெரியாமல் மாறியது. நூல் கோன்கள் கோபுரமாயின, குழாயாயின, காதில் வைத்துப் பேசும் போனாயின. அட்டைப் பெட்டிகள் ஒரு வாரம் கடை, மறுவாரம் ஆஸ்பத்திரி. தண்ணீர்த் தொட்டி ஒன்று மூலையில் இருந்தது. அதில் துணித் துண்டுகளை நனைத்துப் பிழிந்து, கொடியில் போட்டுக் கிளிப் மாட்டுவது பிள்ளைகளின் தினசரித் திருவிளையாடல். கிளிப்பை அழுத்தி அழுத்தி அந்தக் குட்டி விரல்களுக்கு எத்தனை பலம் ஏறுகிறது என்று கவனித்தது டீச்சர் மட்டும்தான். பட்டனைத் தவிர எல்லாக் குப்பையும் உள்ளே வரலாம். பட்டன் வாய்க்குள் போய்விடும், அதனால் அதற்கு மட்டும் தடை. உதவிக்கு இருந்த ஆயாம்மா முதல் மாதம் முழுவதும் துடைப்பத்தோடு தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது மாதம் ஆஸ்பத்திரியில் நோயாளியாகப் படுத்துக்கொண்டு, மாத்திரை கசக்கிறது என்று நான்கு வயது டாக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளிடம் டீச்சர் குரலை உயர்த்தியதே இல்லை. மிச்சம் பிடித்த சத்தத்தையெல்லாம் பெரியவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அங்கேதான் வந்தது வினை.

லைனில் காலர் தைக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். கம்பெனியில் காலர் அக்கா என்றால்தான் தெரியும். காலர் என்பது சட்டையின் முகம், கொஞ்சம் கோணினாலும் மொத்தச் சட்டையும் வீண். அந்த வேலையை வருடக்கணக்கில் கோணாமல் செய்கிறவள். நேர்க்கோடு என்றால் அவளுக்கு உயிர். அவள் மகளுக்குக் கீச்சு என்று செல்லப்பெயர், குரல் அப்படி. கீச்சுவுக்கு நான்கு வயது முடிந்து ஐந்து நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் அதே வயதுக் குழந்தை ஒன்று, காசு கட்டி வேறு எங்கோ படிக்கிறது. அது சுவரெல்லாம் எழுத்தாக எழுதித் தள்ளுகிறதாம். கீச்சுவுக்கோ ஓர் எழுத்து தெரியாது. ஒரு சாயங்காலம் மகளை அழைத்துப்போக வந்த காலர் அக்கா, ஈரக் கவுனோடு ஓடி வந்த பிள்ளையைப் பார்த்தாள். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டாள். பிழிந்தேன் என்றது பிள்ளை.

காலர் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிழிவதும் காயப்போடுவதும் நான் கற்றுக்கொடுக்க மாட்டேனா, அதற்கு எதற்கு டீச்சர் என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. மகளும் ஒருநாள் தன்னைப்போல் மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாளோ என்ற பயம். எழுத்து தெரிந்தால் தப்பித்துவிடுவாள் என்று அவள் நம்பினாள். அதை எடுத்துச் சொல்லவும் அவளுக்கு வந்தது.

"நான்தான் ஏமாந்தேன், என் பொண்ணாவது எழுதப் படிக்கக் கத்துக்கிட்டுப் போகட்டும் டீச்சர். இங்க வந்து குப்பையில விளையாடறதுக்கா அனுப்பறேன்?"

டீச்சர் அந்தப் பயத்தைக் கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்டது குப்பை என்ற சொல்லை மட்டும்தான். கம்பெனி முழுவதும் செல்லமாகச் சொன்னபோது இனித்த சொல், இப்போது சுருக்கென்று தைத்தது. "இதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். காலையிலிருந்து சூப்பர்வைசரிடம் அதே வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்தவளிடம் போய் அதைச் சொன்னாள். காலர் அக்கா மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் மதியத்துக்குள் இன்னும் சில தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தர வேண்டும், இல்லையென்றால் வேறு டீச்சர் போட வேண்டும் என்பது கோரிக்கை.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். தொழிலாளிகள் ஒன்றாக வந்து கேட்ட விஷயம் அவருக்கும் பிடித்த விஷயமாக இருந்தது அதுதான் முதல் தடவை. பெஞ்ச், டெஸ்க், சுவரில் எழுத்துப் படம், சீருடை என்று அவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும்போது கைகட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நல்ல காட்சியாக இருக்கும். டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை மதிய உணவு நேரத்தில் தாய்மார்கள் அறைக்கு வந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டியும் பெட்டிகளும் வெளியே, பெஞ்ச் உள்ளே. எழுத்து நடத்த இஷ்டமில்லை என்றால் டீச்சரும் வெளியே. தச்சரிடம் பெஞ்சுக்குச் சொல்லியாகிவிட்டது என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

"அப்ப வெள்ளிக்கிழமை எதுக்கு சார்?" என்று கேட்டாள் டீச்சர்.

எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் அல்லவா என்றார் மேனேஜர்.

கணவன் மறுநாள் காலையில் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் விடும்போது ஒரு யோசனை சொன்னான். அந்த ஒரு நாளைக்கு மட்டும் பிள்ளைகளை ஆளுக்கு ஓர் எழுத்து எழுத வைத்துவிட்டால் என்ன, தாய்மார்களும் மனம் குளிர்ந்து போய்விடுவார்கள், அப்புறம் வழக்கம்போல ஆடலாமே. நியாயமான யோசனைதான். ஒரு நிமிஷம் அவளுக்கே சபலம் தட்டியது. அப்புறம் அந்தக் கண்ணாடி அலமாரியை நினைத்தாள். காட்டுவதற்கு ஒன்று, நடத்துவதற்கு வேறொன்று என்று இருந்ததால்தானே அந்தப் பள்ளியில் மோதி வேலையை இழந்தது. "வேலை போனா போகட்டும். கையைப் பிடிச்சு எழுத வைக்க மாட்டேன்" என்றாள். அவன் கியரை மாற்றிக்கொண்டே, உன்னை ஏற்றி இறக்க எனக்கு எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன என்றான்.

வீராப்பு ஒரு பக்கம் இருக்க, அவளுக்கு உள்ளூரப் பயம்தான். இந்த அறை போய்விட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற நினைப்பு விடாமல் துரத்தியது. காட்டுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று கடை விளையாட்டை யோசித்து வைத்தாள். அதில் பிள்ளைகள் எண்ணுவார்கள், எடை போடுவார்கள், பெட்டியில் ஒட்டிய படத்தைப் பார்த்து இது என்ன சாமான் என்று படிப்பார்கள். தாய்மார்களுக்கு ஒருவாறு புரியும். வியாழக்கிழமை சாயங்காலமே கடைப் பெட்டிகளை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைகளிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர்களுக்குக் கடையில் நாட்டமே இல்லை. காலையிலிருந்து பெட்டிகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஆளுக்கு ஒரு கோனை நட்டு, கால்களால் தரையை டக் டக்கென்று மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். துணித் துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி முன்னாலிருந்து பின்னால் கடத்தினார்கள். என்ன விளையாட்டு என்று டீச்சர் கேட்கவே தேவையில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடப்பதுதான் இந்தப் பக்கமும் நடந்தது. கடை போடலாமா என்று நைசாகக் கேட்டுப் பார்த்தாள். டார்கெட் முடியவில்லை என்று பதில் வந்தது.

மணி அடித்ததும் தாய்மார்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் காலர் அக்கா, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேனேஜர் கைக்குட்டையால் ஒரு பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார வேண்டாம் என்று முடிவு செய்தார். பிள்ளைகளில் ஒருவன் குண்டாக இருப்பான், எதில் மோதினாலும் அது விழும், அதனால் அவனுக்கு புல்டோசர் என்று பெயர். அவன் கழுத்தில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. மேனேஜரின் கண் அதன் மேல் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. "பாருங்கம்மா, இப்பவே ஐடி கார்டு போட்டுப் பழகியிருக்காங்க" என்றார்.

தாய்மார்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அது என்ன அட்டை என்று அவர்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. லைனுக்கு ஓர் அட்டை உண்டு. சூப்பர்வைசர் கழுத்தில் தொங்கும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேட்டு, அதை வாங்கி மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஓர் ஆள் திரும்பி வந்தால்தான் அடுத்த ஆள் எழுந்திருக்கலாம். இப்படி ஓர் அட்டை இருப்பது மேனேஜருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அவர் கழுத்தில் அது தொங்கியதும் இல்லை, அதைக் கேட்டு அவர் நின்றதும் இல்லை. மறந்து போயிருந்தார்.

விளையாட்டு நிற்கவில்லை. பெரியவர்கள் வந்து நின்றதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. கீச்சு தன் பெட்டி முன்னாலிருந்து எழுந்து புல்டோசரிடம் வந்தாள். இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து, அம்மா நிற்கிற மாதிரியே நின்றாள்.

"சார், அட்டை."

"டார்கெட் முடிச்சியா?" என்றான் புல்டோசர்.

"அவசரம் சார்."

"வீட்டுல போயிட்டு வர வேண்டியதுதானே? போய் உக்காரு."

அச்சு அசலாகச் சூப்பர்வைசரின் குரல். காலர் அக்காவின் காது மடல்வரை சிவந்துவிட்டது. அந்த வார்த்தைகளை அவள் வீட்டில் சொன்னதில்லை. புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. ஜன்னல் வழியாக மகள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மனத்தில் வைத்துக்கொண்டு, இங்கே பெட்டிகளுக்கு நடுவில் எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மேனேஜருக்கு இப்போது அட்டை ஞாபகம் வந்துவிட்டது. முகம் கறுத்தது. "டீச்சர், இதை நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தியிருந்தால் வேலை ஒருவேளை தப்பியிருக்கும். கடையை ஆரம்பிக்கச் சொல்லியிருக்கலாம், பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். டீச்சர் கீச்சுவின் முகத்தைப் பார்த்தாள். குழந்தை புருவத்தைச் சுருக்கி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தது. அந்த யோசனையைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆயாம்மா பின்னாலிருந்து அவள் முந்தானையை இழுத்தாள். டீச்சர் அதையும் உதறிவிட்டு, மேனேஜருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"நிறுத்த மாட்டேன் சார். அவங்க வேலை செஞ்சுக்கிட்டு இருக்காங்க."

அதற்குள் கீச்சு யோசித்து முடித்திருந்தாள். ஒரே ஓர் அட்டை இருப்பதால்தானே தகராறு, எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று செய்துவிடலாம் என்று அறிவித்தாள். புல்டோசருக்கும் அந்தத் திட்டம் பிடித்துப் போயிற்று, அவனுக்கும் அவசரம் இருந்திருக்கலாம். கீச்சு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். நடுவில் ஒருத்தியை விட்டுவிட்டு, திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். கிழிந்த பெட்டியிலிருந்து அத்தனை துண்டும் பிய்த்தாயிற்று. பங்கு போட்டபோது ஒன்று குறைந்தது. யாரை விட்டோம் என்று விரல் மடக்கிப் பார்த்தாள். தன்னைத்தான். சிரித்துக்கொண்டே இன்னொன்று பிய்த்தாள். ஒருத்தி நூல் கோர்த்தாள், ஒருத்தன் முடிச்சுப் போட்டான், கிளிப் அழுத்திப் பழகிய விரல்கள். யாரோ ஒரு பிள்ளை, அட்டையில் பெயர் எழுத வேண்டாமா, இல்லையென்றால் மாறிப்போகுமே என்று கேட்டது. எழுத யாருக்கும் தெரியாததால் அவரவர் அடையாளத்தை வரைந்துகொள்வது என்று முடிவாயிற்று. கீச்சு, துணியில் கோடு போடும் நீலக் கட்டியை எடுத்துத் தன் அட்டையில் ஒரு காலரை வரைந்தாள். இரண்டு முனையும் சமமாக, கோணாமல் இருந்தது.

யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை.

மணி அடித்துவிட்டது. தாய்மார்கள் ஒரு வார்த்தை பேசாமல் லைனுக்குத் திரும்பினார்கள். ஒருத்திகூட டீச்சர் முகத்தைப் பார்க்கவில்லை. காலர் அக்கா வாசலில் ஒரு கணம் நின்றாள், அப்புறம் அவளும் போய்விட்டாள். மேனேஜர் அந்த மௌனத்தைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார். யாருக்கும் திருப்தியில்லை என்பது கண்ணெதிரே தெரிகிறது, சாயங்காலமே பெஞ்ச் வரும், டீச்சர் திங்கட்கிழமைக்குள் தன் முடிவைச் சொல்லிவிட வேண்டும். முடிவு இப்போதே தயார் என்று அவள் சொன்னதை அவர் காதில் வாங்காமல் போனார். ஆயாம்மா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். டீச்சருக்கும் அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள்.

ஷிப்ட் முடியும் நேரத்துக்குச் சரியாகப் பெஞ்சுகள் வந்தன. கனமான, நீளமான பெஞ்சுகள், டெஸ்க்கோடு சேர்த்து அடித்தவை. உட்கார்ந்தவன் எழுந்திருக்க வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவனும் எழுந்தாக வேண்டும். தச்சர் வழிவிடச் சொன்னார். டீச்சர் வாசலில் இரண்டு கைகளையும் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள். நகர்ந்தால் இந்த அறையில் இனி ஒரு கோபுரமும் விழாது, ஒரு துணியும் சொட்டாது என்று அவளுக்குத் தெரியும். மேனேஜர் வந்து முதலில் தணிவாகச் சொன்னார், அப்புறம் தணியாமல் சொன்னார். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றோடு கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார். முடித்துக்கொள்ளுங்கள், ஆனால் பிள்ளைகளை அவரவர் அம்மா வந்து அழைத்துப்போகும்வரை இந்த வாசல் என்னுடையது என்றாள் அவள்.

அந்த நேரம் பார்த்துத் தையல் கூடத்துக் கதவு திறந்து பெண்கள் வெளியே வந்தார்கள். முன்னால் காலர் அக்கா. தலைமுடியில் பஞ்சுத் தூசி, ஒரு கை இடுப்பில். நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்தவர்கள் எழுந்ததும் உடனே நிமிர முடியாது, கொஞ்ச தூரம் அப்படித்தான் நடப்பார்கள். டீச்சர் நிலையிலிருந்து கையை எடுத்தாள். புகார் கொடுத்தவளே வந்துவிட்டாள், இனி யாரிடம் சண்டை போடுவது.

காலர் அக்கா பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்தாள். கையால் விளிம்பைத் தடவினாள். நல்ல வேலைப்பாடு என்று தச்சரிடம் சொன்னாள். அப்புறம் மேனேஜரைப் பார்த்தாள். அவரிடம் பேசும்போது தலை குனிகிற பழக்கம் அவளுக்கு உண்டு. இப்போது குனியவில்லை, இடுப்பு வலித்தாலும் நிமிர்ந்தே நின்றாள்.

"சார், நாங்கதான் கேட்டோம், ஒத்துக்கறேன். இப்ப நாங்களே வேண்டாங்கறோம். ஒரே இடத்துல உக்கார எங்க பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் சார். அதுக்கு நாங்க இருக்கோம்."

பின்னால் நின்ற பெண்கள் நகரவில்லை. மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காலையில் மறுபடி மிஷின்கள் ஓட வேண்டும், இவர்கள்தான் ஓட்ட வேண்டும் என்ற கணக்கு அவர் கண்ணில் ஓடியது. கடைசியில், செய்தாகிவிட்ட பெஞ்சை என்ன செய்வது என்று தச்சரைக் கேட்டார். தச்சர் பெண்களைப் பார்த்தார். சாப்பாட்டுக் கொட்டகையில் போடுங்க, நாங்க தரையிலதான் சாப்பிடறோம் என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. போட்டார்கள்.

காலர் அக்கா அதோடு விட்டுவிடவில்லை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். "எனக்குப் புரியாதுன்னு சொன்னீங்கல்ல. இனிமே அப்படிச் சொல்லக் கூடாது. எழுத்து எப்ப வரும், எப்படி வரும், எல்லாத்தையும் எனக்குப் புரியற மாதிரி சொல்லணும்" என்றாள். கம்பெனிக்கே கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிற குப்பை டீச்சர் அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து, ஒரு கிளிப்பைக் கையில் எடுத்து, அவள் விரலில் மாட்டிக் காட்டி, பென்சில் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று முதலிலிருந்து சொன்னாள். நடுநடுவே காலர் அக்கா கேள்வி கேட்டாள். இரண்டு கேள்விக்கு டீச்சரிடம் பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

கழுத்தட்டை விவகாரம் அவ்வளவு சீக்கிரம் தீரவில்லை. அதற்குப் பெண்கள் வேறு விதமாக, நெடுநாள் சண்டை போட வேண்டியிருந்தது. டீச்சர் வேலை மட்டும் தப்பியது. திங்கட்கிழமை அவளுக்கு ஒரு மெமோ வந்தது. மேலதிகாரி சொல்லைக் கேளாமை, தாய்மார்கள் முன்னிலையில் மரியாதைக் குறைவு, வாசலை மறித்தல் என்று மூன்று குற்றச்சாட்டு, கீழே கையெழுத்து, முத்திரை. அவள் அதை நின்றுகொண்டே ஒரு வரி விடாமல் படித்தாள். மூன்றும் உண்மைதான் என்று, கொண்டுவந்த பியூனிடம் சொல்லி, மேனேஜருக்கும் தெரிவிக்கச் சொன்னாள். நல்ல தடித்த தாள், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கீச்சு வரைவதற்குக் கேட்டாள், கொடுத்துவிட்டாள்.